டோம் கட்டடத்துக்குள் வேலை பார்த்தவர்கள், தங்கியவர்கள் எழுதுங்கள்

வளைகூரை (டெக்சாஸ்)

புயல், சூறாவளி, நிலநடுக்கம் தாங்கும் டோம் (அரைக்கோள வடிவ) கட்டடங்களைப் பற்றி விளம்பரப் பேச்சுதான் அதிகம் கிடைக்கிறது. உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன்.

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஒரு சிற்றூரில், புயல்கால அவசரப் பணிகளுக்கும் சாமான்கள் வைக்கவும் ஒரு டோம் எழும்பியபோது சைட் மேற்பார்வையில் இருந்தேன். முதலில் வட்டமாக கான்கிரீட் அஸ்திவாரம். அதன் விளிம்பில் பிவிசி பூசிய கெட்டித் துணியை இறுக்கிக் கட்டி, பெரிய காற்றூதிகளை ஓட விட்டார்கள். துணி மெல்லப் புடைத்து எழுந்து நின்றுவிட்டது. பலகை கிடையாது, முட்டுக்கம்பு கிடையாது, காற்றுதான் சென்ட்ரிங்! இரட்டைக் கதவு வழியாக உள்ளே போனால் காது அடைக்கும். பிறகு எல்லா வேலையும் உள்ளிருந்துதான். துணியின் மேல் ஃபோம், அதில் கம்பி, கம்பியை மூடி ஷாட்கிரீட் (குழாயில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்), அடுக்கு அடுக்காக. கான்கிரீட் இறுகும்வரை காற்றூதி நிற்கக்கூடாது என்பதால் பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர். இந்த முறையை ஐடஹோ மாநிலத்தில் டேவிட் சவுத்தும் அவருடைய சகோதரர்களும் 1976-ல் முதலில் கட்டிக் காட்டியது உருளைக்கிழங்குக் கிடங்குக்காக. அதாவது இது பிறந்ததே குடோனாகத்தான்.

காற்றை ஏன் தாங்குகிறது? சாதாரணக் கட்டடத்தில் காற்று முதலில் கை வைப்பது கூரையின் ஓரத்தில். டோமுக்கு ஓரமே இல்லை, பிடித்துத் தூக்க எதுவும் இல்லை. டோமின் மேலோடு முழுக்கக் கனமான கான்கிரீட். பலவீனம் எல்லாம் ஓட்டைகளில்தான் இருக்கிறது: கதவு, ஷட்டர், காற்றுத்துளை. சூறாவளிப் பாதுகாப்பு அறைகளுக்கு ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வைத்திருக்கும் கடுமையான சோதனையில், ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான மரக்கட்டையை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சுவர் மேல் எய்வார்கள். கான்கிரீட் அதைச் சட்டை செய்யாது. அதைத் தாங்கும் கதவுக்குத்தான் காசு. மீட்பு வண்டி நுழையும் அளவுக்கு ஷட்டர் வேண்டும் என்று கேட்டதும் எங்கள் பட்ஜெட் எகிறியது அந்த ஒரு வரியில்தான்.

வேலை முடிந்து உள்ளே வயர்லெஸ் செட்களை வைத்தபோதுதான் அடுத்த தலைவலி. ஒரு மூலையில் (மூலை என்பதே தப்பு, அது வேறு கதை) ஒருவர் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கச் சுவரோரம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நான்கு செட் ஒன்றாகக் கரகரத்தால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒலி உறிஞ்சும் பலகைகளை மேலிருந்து தொங்கவிட்ட பிறகே அது கட்டுப்பாட்டு அறையாக ஆனது. யாராவது கட்டப் போகிறீர்கள் என்றால் இதை முதல் எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

மெராபி நிழல்

அண்ணா, "மூலை" என்றதும் சிரித்துவிட்டேன். இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பக்கம் நியூ ங்கெலெபென் போயிருந்தேன். 2006 மே நிலநடுக்கத்தில் நிலமே சரிந்துபோன ஒரு கிராமத்துக்காகக் கட்டிய எழுபது சொச்சம் டோம் வீடுகள். இங்கேயும் பலூன் முறைதான், ஆனால் கான்கிரீட்டை வெளியில் பூசி, துணியைக் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். டெலிடப்பீஸ் என்ற குழந்தைகள் டிவி தொடரில் வரும் டோம் வீடு போல இருப்பதால் ஊர்க்காரர்களே அதை டெலிடப்பீஸ் கிராமம் என்கிறார்கள்.

நான் போன வீட்டில் பீரோ சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்னால் இருந்த இடுக்கில் குடை, விளக்குமாறு, ஒரு பழைய சைக்கிள் டயர். நிறைய வீடுகளில் பின்பக்கம் தகரம் போட்டு சமையலறை இழுத்திருக்கிறார்கள். அந்தத் தகரம் அடுத்த நிலநடுக்கத்தில் என்ன ஆகுமோ!

வளைகூரை

அதேதான் தம்பி. எங்களுக்கும் சுவரோரம் ரேக் ஒட்டவில்லை. தண்ணீர் பம்பு, படகு, கட்டில்களை எல்லாம் நடுவில் வட்டமாக அடுக்கி, சுவரை ஒட்டி நடைபாதை விட்டோம். கணக்குப்படி இருந்த இடத்தில் ஒரு நல்ல பங்கு அப்படியே போனது. வெறும் குடோன்தான் வேண்டும் என்றால் நான் டோமைச் சொல்ல மாட்டேன். புயல் அடிக்கும்போதே உள்ளே ஆட்கள் இருக்க வேண்டும் என்றால் மட்டும் சொல்வேன்.

டெக்சாஸில் எட்னா, வுட்ஸ்போரோ போன்ற சின்ன ஊர்களில் ஃபீமா பணத்தோடு கட்டியவை வருடம் முழுக்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்கள். புயல் வந்தால் ஊரை விட்டுப் போக முடியாத நோயாளிகள், முதியவர்கள், மீட்புப் பணியாளர்கள் தங்குவார்கள். தினமும் பிள்ளைகள் பந்து விளையாடுகிற கட்டடத்தில் விளக்கு எரியும், கதவுத் தாழ்ப்பாள் துரு ஏறாது. பூட்டியே கிடப்பதை நம்பிப் புயலில் ஓட முடியாது.

வேதாரண்யத்தான்

சார், 2018 கஜாவில் எங்கள் ஓட்டுக் கூரை போனது. டோம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்குக் காற்றோடு கடல் தண்ணீரும் பயம். தரையில் உட்கார்ந்த டோமுக்குள் தண்ணீர் வராதா?

வளைகூரை

வரும். கான்கிரீட் மேலோடு நிற்கும், உள்ளே ஜெனரேட்டர் முழுகும். அதனால்தான் ஒடிசாவில் புயல் பாதுகாப்பு மையங்களைத் தூண் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். டோமைத் தூண் மேல் ஏற்றினால் அது மலிவாக இருப்பதற்கான காரணமே போய்விடும். வங்கதேசத்தில் ஆடுமாடுகளுக்காக 'கில்லா' என்று மண்மேடு போடுகிறார்களே, அப்படி மேடு எழுப்பி மேலே வைக்கலாம். இடமும் மண்ணும் கிடைத்தால் விசாரியுங்கள். இல்லையென்றால் தூண் மேல் நிற்கும் சதுரக் கட்டடமே உங்கள் ஊருக்குப் போதும், கதவை மட்டும் நல்லதாகப் போடச் சொல்லுங்கள்.