முதல் திரில்லர் படம்: கையில் 180,000 வெள்ளி, எதற்குச் செலவிடுவது?

கேள்வி: செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகள் தொலைக்காட்சி நாடகங்களில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, இப்போது என் முதல் படத்துக்கான திரைக்கதையை எழுதி முடித்திருக்கிறேன். மாலை வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தாதி ஒருத்தி, பதினோராம் மாடியில் இருக்கும் தன் வீட்டுப் பூட்டு மாற்றப்பட்டிருப்பதைக் காண்கிறாள். கதவைத் திறக்கும் முதியவரோ, இந்த வீட்டில் இருபது வருடங்களாகத் தாம்தான் குடியிருப்பதாகச் சொல்கிறார். அண்டை வீட்டாரும் அவளைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். அதிலிருந்து விடியும் வரை நடப்பதுதான் கதை. அடுக்குமாடி, மின்தூக்கி, கார் நிறுத்துமிடம், பின்புறச் சாலை ஆகியவற்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

என் சேமிப்பு, அக்கா கொடுத்தது, நண்பர்கள் இருவரின் பங்கு எல்லாம் சேர்த்து 180,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பதினெட்டு இரவுகளில் படப்பிடிப்பை முடிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். விலை உயர்ந்த கேமராவையும் லென்சுகளையும் வாடகைக்கு எடுத்தால்தான் திரையரங்கில் படம் படமாகத் தெரியும் என்று ஒளிப்பதிவாளர் சொல்கிறார். அதற்கு மட்டும் 45,000 வெள்ளி கேட்கிறார். அவ்வளவு கொடுக்கலாமா? அனுமதி, தணிக்கை ஆகியவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? படத்தைத் தீபாவளிக்கு வெளியிட வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அது சரியான முடிவா? படம் எடுத்து வெளியிட்டவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ஒலிப்பதிவாளர், ஜெலுத்தோங், பினாங்கு

தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கதவுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தாதிக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறது? அதைப் பார்வையாளர்களும் கேட்டால்தான் அவர்களுக்கு மூச்சு முட்டும். நீங்கள் சொன்ன கதையில் பாதி, காதால் கேட்கும் கதை. ஆனால் உங்கள் கேள்வியில் கேமராவுக்கு எவ்வளவு என்று இருக்கிறது, ஒலிக்கு எவ்வளவு என்று ஒரு சொல்கூட இல்லை. நாடகத்தில் வேலை செய்தவர்கள் பலரும், சரியாக வராத வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுண்டு. ஒரு பெண் பயத்தில் விடும் மூச்சை மூன்று மாதம் கழித்துக் குளிர்சாதன அறையில் நின்று திரும்ப விடச் சொன்னால் அது வராது. நல்ல நடிகைக்கும் வராது.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் இருந்த ஓர் அடுக்குமாடி வீட்டில் நான் ஒரு படத்துக்கு ஒலிப்பதிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்தினோம், குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினோம், நடைவழிச் சுவர்களில் எதிரொலி வராதபடி கம்பளிகளைத் தொங்கவிட்டோம். நடிகர்கள் வியர்வையில் நனைந்தார்கள், ஆனாலும் வசனம் கண்ணாடி போலப் பதிவானது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, திரைக்கதைப்படி நள்ளிரவில் நடக்கும் முக்கியமான காட்சியை எடுத்தோம். வெளியே நல்ல இருட்டு. நம் நாட்டில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது, அதனால் படத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் எதிரே இருந்த மரத்தில் குயில் கூவத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வசனத்துக்கு அடியிலும் அந்தக் கூவல் ஏறிக்கொண்டே போனது. அதை நீக்க முயன்றால் நடிகையின் குரலும் சேர்ந்து மெலிந்தது. கடைசியில் அந்தக் காட்சியை முழுவதும் டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று. படத்திலேயே உயிரில்லாத காட்சி அதுதான் என்பதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே, படப்பிடிப்பு நடக்கும் கட்டடத்தில் இரவு முழுவதும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். மின்தூக்கி மோட்டாரின் உறுமல் எந்த மாடி வரை கேட்கிறது, குப்பை லாரி எத்தனை மணிக்கு வருகிறது, பக்கத்துப் பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபுத் தொழுகைக்கான அழைப்பு எப்போது ஒலிக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அட்டவணை போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யாமல் கலைந்து போகாதீர்கள். படத்தொகுப்பில் வெட்டும் இடங்களை இணைக்க அது வேண்டும். கடைசியாக, 5.1 எனப்படும் சுற்றொலிக் கலவையைத் திரையரங்க அளவுக்குச் சீர்செய்யப்பட்ட அறையில் செய்யுங்கள். வீட்டு ஸ்பீக்கரில் கலந்த படம் பெரிய அரங்கில் போகும்போது, வசனம் கேட்காது, இசை மட்டும் காதைக் கிழிக்கும். என்னைக் கேட்டால், உங்கள் பணத்தில் ஆறில் ஒரு பங்கையாவது ஒலிக்கு ஒதுக்க வேண்டும்.

பதில் 2: தயாரிப்பு நிர்வாகி, செலாயாங்

பினாங்கு அண்ணன் சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். கேமராவுக்கு 45,000 வெள்ளி வேண்டாம். திரையரங்குக்குப் போகும் டிசிபி கோப்பு பெரும்பாலும் 2கே அளவில்தான் இருக்கிறது. அகலத்திரை வடிவத்தில் அது 2048க்கு 858 புள்ளிகள். இன்று நடுத்தர வாடகையில் கிடைக்கும் கேமராக்கள் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நீங்கள் எடுக்கப்போவது வினாடிக்கு 24 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை வழக்கமான 180 பாகையில் வைத்தால், நடைவழியில் இருக்கும் பழைய குழல்விளக்குகள் திரையில் துடிக்கும். 172.8 பாகையில், அதாவது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்காக, வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில மலிவான எல்இடி விளக்குகள் அப்போதும் துடிக்கும். அவற்றைச் சோதித்துப் பார்த்து மாற்றிவிடுவதே வழி.

அனுமதி விஷயத்தில் வரிசை மிகவும் முக்கியம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்தான் நம் முதல் வாசல். தயாரிப்பு உரிமம் இல்லாமல் நீங்கள் படம் எடுக்க முடியாது. உங்களிடம் நிறுவனம் இல்லையென்றால், உரிமம் உள்ள நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், ஏனென்றால் பின்னாளில் படத்தின் உரிமை யாருக்கு என்ற கேள்வி அங்கேதான் முளைக்கும். படப்பிடிப்புக்கு முன்பே பினாஸின் படப்பிடிப்புச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பிற இடங்களில் அனுமதி கேட்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, சாலைக் காட்சிகளுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம், வட்டாரக் காவல் நிலையம் ஆகியவை அடுத்து வரும். கட்டடத்தை மேலிருந்து காட்ட ட்ரோன் வேண்டுமென்றால், விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு நில அளவைத் துறையின் அனுமதியும் தேவைப்படும். உங்கள் கதைக்கு ட்ரோன் அவசியமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். அவள் சிக்கிக்கொண்ட கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்காமல் இருப்பதே எனக்குப் பயமாகத் தோன்றுகிறது.

கதையில் துப்பாக்கி இருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், எடுத்துவிடுங்கள். இந்த நாட்டில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றமாகலாம். காவல்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல், கார் நிறுத்துமிடத்தில் நள்ளிரவில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்பதை யாராவது மாடியிலிருந்து பார்த்தால் விபரீதமாகிவிடும். அதோடு, முதியவர் வீட்டு வானொலியில் பழைய தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது என்பது போன்ற காட்சி இருந்தால், பாடலின் உரிமையும் அந்த ஒலிப்பதிவின் உரிமையும் தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள். புதிதாக ஒரு மெட்டுப் போட்டுப் பாட வைப்பது அதைவிட மலிவு.

பதில் 3: ஒரு படம் வெளியிட்டவன், பிரிக்பீல்ட்ஸ்

வெளியீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டேன். என் படமும் திரில்லர்தான். தணிக்கைச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே தீபாவளித் தேதியை அறிவித்து, சுவரொட்டியும் அடித்துவிட்டேன். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ், படத்துக்கு மட்டுமல்ல, முன்னோட்டத்துக்கும் சுவரொட்டிக்கும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பொது ஒழுங்கு, சமயம், சமூகப் பண்பாடு, நன்னடத்தை என்று நான்கு கோணங்களில் வாரியம் படத்தைப் பார்க்கிறது. என் படத்தில் கொலையை எப்படிச் செய்தான் என்று படிப்படியாகக் காட்டிய ஒன்றரை நிமிடத்தைக் குறைக்கச் சொன்னார்கள். வெட்டினால் ஒலிக்கலவையைத் திருத்த வேண்டும், டிசிபியை மறுபடியும் தயாரிக்க வேண்டும். எல்லாம் முடிந்து கோப்பு அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது வெளியீட்டுக்கு முதல் நாள் மாலையில்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து நட்சத்திரப் படங்கள் வருகின்றன. மாலை ஏழு மணி, இரவு ஒன்பதரை மணிக் காட்சிகள் எல்லாம் அவற்றுக்கே போயின. எனக்குக் கிடைத்தது பகல் ஒன்றே கால் மணி. வியாழக்கிழமை அந்தக் காட்சிக்குக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். என்னைச் சேர்த்து ஏழு பேர். அதில் ஒரு தம்பதியர் இடைவேளைக்கு முன்பே எழுந்து போனார்கள். அந்தப் பெண்மணி கணவரிடம், "வேலைக்கு நேரமாச்சு, மீதிய நாளைக்கு வந்து பாப்போம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. படம் பிடிக்காமல் போகவில்லை, நேரம் இல்லாமல் போனார்கள். உள்ளூர்ப் படத்தைக் குறைந்தது இரண்டு வாரம் திரையிட வேண்டும் என்ற கட்டாயத் திரையிடல் திட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரத்தில் ஓடினால், இரண்டு வாரம் இருந்தும் பலன் குறைவு.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். நுழைவுச்சீட்டு சராசரியாக 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி அரங்குக்கு, மீதி ஏழரை வெள்ளியில் விநியோகஸ்தருக்கு 15 விழுக்காடு என்று பேசி முடித்தால், உங்கள் கைக்கு வருவது ஆறு வெள்ளி சொச்சம். போட்ட 180,000 வெள்ளியை அரங்கில் மட்டுமே எடுக்க வேண்டுமென்றால், 28,000 பேருக்கு மேல் பார்க்க வேண்டும். விளம்பரச் செலவு இதில் சேரவில்லை. அதனால், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே 35,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டு, அது வெளியீட்டுக்கு மட்டும் என்று எழுதி வையுங்கள். நடுவில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தொலைக்காட்சி உரிமை, 2011இல் வந்த ஆஸ்ட்ரோ பர்ஸ்ட் போன்று பணம் கட்டிப் பார்க்கும் சேவை, இணையத் தளங்கள் ஆகியவற்றோடு பேச்சை இப்போதே தொடங்குங்கள். திரையரங்கில் ஓடி முடித்த பிறகு தொடங்கினால், பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

தேதியைப் பொறுத்தவரை, நோன்பு மாதத்தை யோசித்துப் பாருங்கள். பெரிய மலாய்ப் படங்கள் நோன்புப் பெருநாளுக்காகக் காத்திருக்கும் சமயம் அது. அரங்குகளுக்கும் அப்போது படம் தேவை. இரவுக் காட்சி கேட்டுப் பேச உங்களுக்கு இடம் கிடைக்கும். சென்னையில் அந்த வாரம் என்ன வெளியாகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: வசன வரி எழுதுபவள், பட்டர்வொர்த்

ஒரு சிறு விஷயம், ஆனால் திரில்லருக்கு உயிரான விஷயம். மலாயிலும் ஆங்கிலத்திலும் வசன வரி (சப்டைட்டில்) போட்டால் நம்மவர் அல்லாதவர்களும் வருவார்கள், போடுங்கள். ஆனால் அதைக் கடைசி வாரத்தில் யாரிடமோ கொடுத்து அவசரமாக முடிக்காதீர்கள். உங்கள் முதியவர், "அந்தப் பொண்ணு..." என்று நிறுத்தி, மூன்று வினாடி கழித்து, "செத்துட்டா" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வசன வரியில் முழு வாக்கியத்தையும் ஒரே வரியாகப் போட்டுவிட்டால், நடிகர் வாயைத் திறக்கும் முன்பே அரங்கம் அதைப் படித்து முடித்துவிடும். தமிழ் தெரிந்தவர்கள்கூடத் தம்மை அறியாமல் கீழே பார்ப்பார்கள். நிறுத்தம் வரும் இடத்தில் வரியையும் இரண்டாக உடைக்க வேண்டும். படத்தொகுப்பு முடிந்ததும் வசன வரி எழுதுபவரை உங்களோடு உட்கார வைத்து முழுப் படத்தையும் ஒருமுறை பாருங்கள்.

செந்தூல்வாசி, மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். உச்சக்கட்டத்தில் துப்பாக்கி இருந்தது உண்மைதான். எடுத்துவிட்டேன், அதற்குப் பதிலாகப் பூட்டைத் திறக்கும் சத்தம் மட்டும் வருகிறது. கேமராவுக்கு 20,000 வெள்ளிக்கு மேல் தர முடியாது என்று ஒளிப்பதிவாளரிடம் சொல்லியிருக்கிறேன்; கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு சோதனைப் பதிவு செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். வெளியீட்டுப் பணத்தை அக்காவின் பெயரில் வங்கியில் போடுகிறோம்.

நேற்று இரவு அந்தக் கட்டடத்தின் பதினோராம் மாடி நடைவழியில் காவலரின் அனுமதியோடு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். மின்தூக்கி மோட்டார் பத்தாம் மாடிக்குக் கீழே கேட்கவில்லை; அதனால் படப்பிடிப்புக்கு ஏழாம் மாடியில் வீடு கேட்டிருக்கிறேன், கதவு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தே காலுக்குக் குயில் கூவியது. ஜெலுத்தோங் அண்ணா, தினமும் ஐந்து மணிக்குள் வசனக் காட்சிகளை முடித்துவிடும்படி அட்டவணையை மாற்றிவிட்டேன். உங்களுக்கு அந்தப் பதினெட்டு இரவுகளும் ஒத்துவருமா என்று தெரிவித்தால், திரைக்கதையை அனுப்பிவைக்கிறேன்.