பார்வை நூல்கள் தாளை மனப்பாடம் செய்யாமல் கற்க வழி உண்டா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல் வழியில் நூலக அறிவியல் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டே, எங்கள் பகுதியிலுள்ள சிறு நூலகம் ஒன்றில் மாலை நேரங்களில் உதவியாளராக இருக்கிறேன். பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. பார்வை நூல்களை, அதாவது முழுவதும் படிக்காமல் வேண்டிய செய்தியை மட்டும் தேடிப் பார்க்கும் நூல்களைப் பற்றிய 'தகவல் மூலங்களும் சேவைகளும்' என்ற தாள்தான் என்னை அலைக்கழிக்கிறது. அகராதி, கலைக்களஞ்சியம், ஆண்டு நூல், கையேடு, கெஜட்டியர், நூற்பட்டியல் என்று வகைகள் நீள்கின்றன. ஒவ்வொரு வகையின் கீழும் பத்துப் பதினைந்து தலைப்புகள், அவற்றின் பதிப்பாண்டு, தொகுதி எண்ணிக்கை. இரவில் உருப்போட்டால் காலையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

சென்ற வாரம் நடந்த ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காசிமேட்டில் படகு வேலை செய்யும் ஒரு பெரியவர் வந்து, "கெஜட்டு இருக்குதாம்மா?" என்று கேட்டார். பாடத்தில் படித்த சொல் காதில் விழுந்த மகிழ்ச்சியில், அலமாரியிலிருந்த பழைய மாவட்டக் கெஜட்டியரைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் அரை மணி நேரம் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு நூலை மேசைமேல் நேராக வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் நான் விசாரித்தேன். அவருடைய மகனின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருக்கிறதாம். கெஜட்டில் போட்டால்தான் சரியாகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் நூலகம் மூடும் நேரம் வந்துவிட்டது.

தேர்வுக்கும் இப்படிப்பட்ட வேளைக்கும் சேர்த்து இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

பதில் 1: பெரம்பூர், பணி ஓய்வு பெற்ற நூலகர்

அம்மா, உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பெரியவரிடமே இருக்கிறது; ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கெஜட் என்பது அரசிதழ். அரசின் அறிவிக்கைகளும் நியமனங்களும் பெயர் மாற்ற விளம்பரங்களும் அதில் வெளியாகின்றன. கெஜட்டியர் என்பது ஓர் ஊரின் அல்லது மாவட்டத்தின் நிலம், நீர், வரலாறு, மக்கள், தொழில் ஆகியவற்றை விவரிக்கும் பார்வை நூல். தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடும் பொறுப்பு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையுடையது. அத்துறையின் மைய அச்சகம் உங்கள் பகுதிக்குப் பக்கத்தில், தங்கசாலையில்தான் இருக்கிறது. அவருக்கு அன்று தேவைப்பட்டது அத்துறையின் விண்ணப்பப் படிவமும் இணைக்க வேண்டிய சான்றுகளின் பட்டியலும் மட்டுமே.

இரு சொற்களையும் நீங்கள் குழப்பிக்கொண்டது சிறிய பிழை. இன்னொரு கேள்வி கேட்காமல் அலமாரிக்கு எழுந்து போனதைத்தான் நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். வாசகர் முதலில் சொல்வது பெரும்பாலும் அவருடைய உண்மையான தேவையாக இருப்பதில்லை. யாரோ சொன்ன பெயரையோ, நூலகத்தில் இருக்கும் என்று தாமே ஊகித்த ஒன்றையோதான் கேட்பார். அதற்காக "எதுக்கு?" என்று கேட்டுவிடக் கூடாது. நம் பக்கத்து மக்கள் அரசு அலுவலக மேசைகளுக்கு எதிரே நின்று அந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை கேட்டு மனம் சுருங்கியவர்கள். "எதைப் பற்றிப் பார்க்கணும், சொல்லுங்கய்யா, சேர்ந்தே தேடலாம்" என்றால் தாமாகவே முழுவதையும் சொல்லிவிடுவார்கள். விதி எங்கே இருக்கிறது, படிவம் எங்கே கிடைக்கிறது என்று காட்டுவது வரை நம் வேலை. அவர் விவகாரத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்வது நம் வேலையாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி இரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொன்னார். வாசகரின் கேள்விக்கு விடை தேட உதவும் பார்வைப் பணியை உடனடிப் பணி, நெடுநேரப் பணி என்று அவர் பிரித்ததைத் தேர்வுக்காக எல்லோரும் படிக்கிறோம். ஆனால் வந்திருக்கும் கேள்வி அவ்விரண்டில் எது என்பதை அந்த உரையாடலில்தான் அறிய முடியும்.

இனிப் படிக்கும் முறை. தலைப்பிலிருந்து தொடங்காமல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கத்துக் கேள்வி ஒன்றையே தருகிறேன்: 2011 கணக்கெடுப்பின்படி திருவொற்றியூரின் மக்கள்தொகை எவ்வளவு? திருவொற்றியூர் சென்னையில்தானே இருக்கிறது என்று சென்னை மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டை எடுத்தால் கிடைக்காது. தலைக்கணக்கு எடுக்கப்பட்டது 2011 பிப்ரவரியில். திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் மாநகராட்சியோடு சேர்ந்தது அதே ஆண்டு அக்டோபரில். எனவே அந்தக் கணக்கெடுப்பில் திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நகராட்சி, ஏறக்குறைய 2.5 லட்சம் என்ற எண் திருவள்ளூர்க் கையேட்டில் இருக்கும். மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனதும் அப்போதுதான். மாவட்ட எல்லை அதற்கேற்ப விரிந்தது 2018-இல். ஒரு நூலில் 174 என்றும் இன்னொன்றில் 426 என்றும் பார்த்தால் எது தவறு என்று தேடாதீர்கள். எந்த ஆண்டின் நூல் என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியை ஒரு மாலை முழுக்கத் துரத்தினால், புள்ளிவிவர மூலங்கள் பற்றிய பாடம் முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

எந்தப் பார்வை நூலைக் கையில் எடுத்தாலும் முன்னுரையை முதலில் படியுங்கள். உள்ளடக்கம் அகர வரிசையிலா, பொருள் வரிசையிலா என்று பாருங்கள். கடைசியில் அடைவு இருக்கிறதா, எந்த ஆண்டு வரையிலான செய்தி அடங்கியிருக்கிறது என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தை நான் இன்றும் மதித்துத் திறக்கிறேன். அதில் தாவரங்களையும் தத்துவத்தையும் கலைகளையும் நம்பிப் பார்ப்பேன். ஒரு நகரின் மக்கள்தொகைக்கோ ஆட்சி எல்லைக்கோ அதைத் திறக்க மாட்டேன். அந்த நூலின் மதிப்பும் எல்லையும் அவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டவருக்குப் பதிப்பாண்டு தானே நினைவில் நிற்கும்.

பதில் 2: திருவொற்றியூர், கல்லூரி ஆசிரியை

ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும் மனப்பாடமே வேண்டாம் என்ற எண்ணத்தோடு நீங்கள் தேர்வு அறைக்குள் போய்விடக் கூடாது. வகைக்கு இரண்டு நூல்கள், ஒன்று தமிழிலும் ஒன்று ஆங்கிலத்திலும், உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து தலைப்புகளை அடுக்குவதைவிட, இரண்டை ஒப்பிட்டு எழுதும் விடைத்தாளுக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

அகராதிகளை வளர்ச்சி வரிசையில் படித்தால் குழம்பாது. நம்மிடம் முதலில் இருந்தவை நிகண்டுகள். செய்யுள் வடிவில், பொருள் வாரியாக, உருப்போடுவதற்கென்றே ஆனவை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் அகர வரிசையைக் கொண்டுவந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக இருப்பதால்தான் அந்தப் பெயர். 1862-இல் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், இலக்கிய மேற்கோள்களோடு. 1992-இல் வெளிவந்த க்ரியா அகராதி இக்காலத் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தந்தது. சங்கப் பாடலில் வந்த சொல்லுக்கு லெக்சிகன், நாளிதழில் வந்த சொல்லுக்கு க்ரியா என்று பயனோடு சேர்த்துப் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு, உங்கள் பக்கத்து மீனவர்கள் நாள்தோறும் சொல்லும் 'மீன்பாடு' போன்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இந்த அகராதிகள் அனைத்திலும் தேடுங்கள். எதில் இருக்கிறது, எதில் இல்லை, ஏன் இல்லை என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். புராணப் பெயர்களுக்கும் இலக்கியப் பெயர்களுக்கும் 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியையும் இதேபோல் ஒரு முறையாவது புரட்டிவிடுங்கள்.

பதில் 3: இராயபுரம் வாசகர்

நான் நூலகப் படிப்புப் படித்தவன் அல்லன். ஊர் வரலாறு தேடுபவன். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவனாக ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட நாளைத் தேடியபோது, ஒரு நூலில் 1856 ஜூன் 28 என்றும் மற்றொன்றில் ஜூலை 1 என்றும் இருந்தன. ஒரு நூலகர் அம்மையார் இரண்டையும் என் முன் விரித்து வைத்து, முதலாவது ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடக்கி வைத்த நாள், இரண்டாவது வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு வண்டி ஓடத் தொடங்கிய நாள் என்று வரி வரியாகக் காட்டினார். நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிவிட்டது. இராயபுரத்தின் பெருமை, அக்காலக் கட்டடம் இன்றும் நிற்பதுதான் என்பதையும் அவரே பிரித்துச் சொன்னார். விடையைச் சொல்லிவிடாமல் பக்கத்தைக் காட்டிய அந்தப் பழக்கத்தால்தான் நான் பிறகு தனியாகத் தேடக் கற்றேன். நீங்களும் வாசகரை உடன் உட்காரவைத்துத் தேடுங்கள்.

சிறு நூலகத்தில் இந்த நூல்கள் எல்லாம் இருக்காது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். அங்கே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய வெளியீடுகளைப் பெறும் நான்கு வைப்பு நூலகங்களில் அதுவும் ஒன்று. பார்வை நூல்களை அங்கேயே அமர்ந்துதான் படிக்க வேண்டும் என்பதால் நோட்டும் பேனாவும் கொண்டு செல்லுங்கள். வீட்டிலிருந்தே பார்ப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் கலைக்களஞ்சியத் தொகுதிகள் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்: பழைய வண்ணாரப்பேட்டை மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. திருவொற்றியூர்க் கேள்வியை நானே துரத்தினேன். முதல் மாலை சென்னைக் கையேட்டில் தேடி ஏமாந்து, மறுநாள் திருவள்ளூர்க் கையேட்டில் கண்டபோது அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

நேற்று அந்தப் பெரியவர் நாளிதழ் படிக்க வந்திருந்தார். நானே எழுந்து போய், அன்று தவறான நூலைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். துறையின் இணையதளத்தில் படிவத்தைத் திறந்து, கேட்டிருக்கும் சான்றுகளை ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அவற்றைத் தம் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார். மகனையும் சனிக்கிழமை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நோட்டும் தொடங்கிவிட்டேன். வாசகர் முதலில் கேட்டது, பிறகு தெரியவந்த தேவை, பார்த்த நூல், கிடைத்த பக்கம் என்று நான்கு பத்திகள் போட்டிருக்கிறேன்.

பதில் 4: பெரம்பூர், பணி ஓய்வு பெற்ற நூலகர்

ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள் அம்மா: விடை கிடைக்காமல் போனவை. எந்தெந்த நூல்களைப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதை அதில் எழுதி, வாசகரின் பெயரில்லாமல் தேதியை மட்டும் குறித்து வையுங்கள். நூல் வாங்கும் பட்டியலுக்குப் பரிந்துரை கேட்கும்போது உங்கள் நூலகர் முன் அந்தப் பத்தியை எடுத்து வைக்கலாம். கன்னிமாராவுக்குப் போகும் நாளில் முதலில் தேட வேண்டியவையும் அவையே.