பால்மிடேட் கொடுத்தால் கல்லீரல் செல்கள் சாகின்றன: கொழுப்பின் விளைவா, கரைசலின் கோளாறா?

கேள்வி:
ஹெப்ஜி2 செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதக் கல்லீரல் புற்றுநோய் செல்கள்) 0.5 மில்லிமோலார் பால்மிடேட் (நிறைவுற்ற கொழுப்பு அமிலம்), 24 மணி நேரம். தட்டில் வெள்ளைத் துகள்கள், பாதி செல்கள் மிதக்கின்றன. ஓலியேட் (நிறைவுறாத கொழுப்பு அமிலம்) கொடுத்த கிணறுகளில் (தட்டின் குழிகளில்) ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

பதில் 1:
துகள் தெரிந்தாலே அந்தத் தட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். சோடியம் பால்மிடேட் அசல் சோப்புதான், ஆறினால் உறையும். 27.8 மில்லிகிராமை 10 மி.லி. சோடியம் குளோரைடு கரைசலில் (150 மில்லிமோலார்) 70 டிகிரியில் தெளியும்வரை கரையுங்கள். சூடு ஆறுமுன், 37 டிகிரியில் கலக்கப்பட்டுக்கொண்டிருக்கும் 20 மி.லி. 10% ஆல்புமினில் (கொழுப்பு அமிலத்தைக் கட்டிவைக்கும் புரதம்) சிறிது சிறிதாக விடுங்கள். ஆல்புமினை 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் திரிந்துவிடும். கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமின்தான் வேண்டும். ஒரு மணி நேரம் கலக்கி, பி.எச். 7.4 வைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். கலங்கலாக இருந்தால் பால்மிடேட் வடிகட்டியிலேயே நின்றுவிடும், செறிவு பொய்யாகும்.

பதில் 2:
மேலே சொன்ன அளவில் பால்மிடேட்டுக்கும் ஆல்புமினுக்கும் உள்ள மோல் விகிதம் சுமார் 3.3:1. பலர் 6:1 வைக்கிறார்கள். அதில் ஆல்புமினோடு ஒட்டாத அமிலம் ஏறி, நச்சுத்தன்மை கூடுகிறது. கட்டுப்பாட்டுக் கிணற்றுக்கு (பால்மிடேட் இல்லாமல் ஒப்பிட வைப்பது) அதே அளவு ஆல்புமின் மட்டும், வெறும் ஊடகம் போதாது.

பதில் 3:
ஓலியேட் வித்தியாசம் நிஜம். அது ட்ரைகிளிசரைடாகிக் கொழுப்புத் துளிகளில் அடங்கிவிடும். பால்மிடேட் அவ்வளவு எளிதில் அடங்காது. செராமைடாக (செல் சாவைத் தூண்டும் ஒரு கொழுப்பு) மாறும், எண்டோபிளாச வலைக்கு (செல்லுக்குள் புரதம் உருவாகும் இடம்) அழுத்தம் கொடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், சாவு குறைய வேண்டும்.