கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் மேடையா, வைவாவா?

திண்ணை: தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பொறியியல் கலந்தாய்வில் இடம் வாங்கி, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசும் பிள்ளையை முதல் மாதமே மாணவர் மன்றம், மேடை என்று இறக்கிவிடலாமா? இல்லை, முதல் செமஸ்டர் அதன் போக்கில் போகட்டுமா?

செம்பருத்தி: இறக்கிவிடத்தான் வேண்டும். வகுப்பு தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்குள் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரோடு கேன்டீன் போவது எல்லாம் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்குள் நுழைவது முதல் வாரத்தைவிடப் பல மடங்கு கஷ்டம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட பிள்ளை மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட்டுக்கு டீம் தேடும்போதுதான் முழிக்கும்.

லீஸ்ட்கவுண்ட்: மார்க் எங்கே போகிறது என்று பாருங்கள் செம்பருத்தி. பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரிக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று வைத்தார்கள். லேபில் அது தலைகீழ்: உள்மதிப்பீடு 60, தேர்வு 40. மன்றத்துக்கு இதில் ஒரு மார்க்கும் கிடையாது. கூச்சம் நேரடியாக அடிக்கும் இடம் லேப்தான். தைரியமான பார்ட்னர் கருவியைத் தொடுவார், கூச்சக்காரர் ரீடிங்கை எழுதிக்கொண்டே இருப்பார். ரெக்கார்டு நோட்டு பளிச்சென்று இருக்கும். செய்முறைத் தேர்வில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு சோதனை கொடுத்துத் தனியாக நிறுத்தும்போது ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எந்தத் திருகு எதற்கு என்றே தெரியாது.

செம்பருத்தி: அதைத்தான் நானும் சொல்கிறேன். "இப்போ நான் பண்றேன்" என்று பார்ட்னரிடம் கேட்க வாய் வரவில்லை என்பதுதானே பிரச்சினை? அந்த வாய் எங்கிருந்து வரும்?

லீஸ்ட்கவுண்ட்: மேடையிலிருந்து வராது. ரீடிங் எடுக்கத் தொடங்கும் முன்பே "பாதி நீ, பாதி நான்" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டால் போதும், நடுவில் கேட்க வேண்டியதே இல்லை. இன்னொன்று, பெரும்பாலான கல்லூரிகளில் லேப் பேட்ச் ரோல் நம்பர் வரிசையில்தான். அறிமுகப்படுத்திக்கொள்ளாமலே செமஸ்டர் முழுக்க வாரம் தவறாமல் பக்கத்தில் நிற்கும் ஆள் ஒருவர் கிடைக்கிறார். கூச்சக்காரருக்கு முதல் நண்பர் அங்கேதான் அமைவார்.

வைவாவுக்கு, அதாவது செய்முறைத் தேர்வில் தேர்வாளர் நேரில் கேட்கும் வாய்மொழிக் கேள்விகளுக்கு, ஒரு சோதனைக்கு ஐந்து விஷயம் போதும்: நோக்கம், சூத்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு, கருவியின் லீஸ்ட் கவுண்ட் (அதனால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு), பிழை எங்கே வரும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு அரை டிகிரி, துணை அளவுகோலான வெர்னியரில் 30 பிரிவு, ஆகவே லீஸ்ட் கவுண்ட் 1 நிமிடம். கம்பியில் தொங்கும் தட்டை முறுக்கி அலையவிடும் டார்ஷன் பெண்டுலத்தில் ஸ்டாப் வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தால் 10 அலைவு என்று நினைப்பது உண்மையில் 9. அலைவு நேரம் பத்தில் ஒரு பங்கு குறையும். அது சூத்திரத்தில் கீழே வர்க்கமாக இருப்பதால் கம்பியின் விறைப்புக் குணகம் சுமார் 23 சதவீதம் ஏறிவிடும். "சைபர்" என்று தொடங்க வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவரைத் தேர்வாளர் மேற்கொண்டு குடைய மாட்டார். மனப்பாடமாக அல்ல, வாய்விட்டு, அந்த லேப் பார்ட்னரிடமே சொல்லிப் பார்க்க வேண்டும்.

அட்டெண்டன்ஸ்75: மன்றம் மன்றம் என்பவர்களுக்கு: ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாக வகுப்புக்கு வரவில்லை) என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் வருகை ஏறாது, அது பதிவாகியிருக்கிறதா என்று வாராவாரம் பார்க்க வேண்டும். கூச்சக்காரர் போய்க் கேட்க மாட்டார். கடைசியில் 75 சதவீதத்துக்குக் கீழே நிற்பார்.

செம்பருத்தி: நியாயம்தான். ஆனால் மன்றம் என்றால் மைக் மட்டும்தான் என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். பதிவு மேசை, போஸ்டர், ஒலிபெருக்கி ஒயர் இழுப்பது, எல்லாம் மன்றம்தான். என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, நடுவில் 7 நாள் முகாம். மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வரும். பேசுவதற்கு ஒரு வேலை எதிரில் இருக்கிறதே! உங்கள் லேப் பார்ட்னர் யோசனையும் அதே சரக்குதான் லீஸ்ட்கவுண்ட், ஒத்துக்கொள்ளுங்கள்.

லீஸ்ட்கவுண்ட்: பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். முகாம் சரி. முதல் இன்டர்னல் தேர்வுக்கு (உள்மதிப்பீட்டுத் தேர்வு) முன்னால் வேண்டாம். கணக்குப் பாடத்தில் முதல் யூனிட் கைவிட்டுப் போனால் கூச்சக்காரர் யாரிடமும் கேட்கவும் மாட்டார். 2021 ஒழுங்குமுறைப்படி தேர்ச்சிக்குச் செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம் தனியாக எடுத்தே ஆக வேண்டும், உள்மதிப்பீடு அங்கே காப்பாற்றாது.

நைட்மெஸ்: ரெண்டு பேரும் விடுதியை மறந்துட்டீங்க. தனியா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, கூட்டம் கலையட்டும்னு காத்திருந்து கடைசியில போவாங்க. அதுக்குள்ள பொரியல் காலி. அப்புறம் ரூம்ல பிஸ்கட்தான் ராத்திரிச் சாப்பாடு. மெஸ் திறந்த முதல் பத்து நிமிஷத்துல போங்க, கூட்டமும் இருக்காது, சோறும் சூடா இருக்கும். இன்னொண்ணு, "சீனியர் சொன்னபடி கேட்டாத்தான் நோட்ஸ் கிடைக்கும்"னு ரெக்கார்டு எழுதிக் கொடுக்கிறது, துணி துவைக்கிறது எல்லாம் ராகிங்தான். தமிழ்நாட்டுல 1997லயே சட்டம் வந்தாச்சு, 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். வார்டன்கிட்ட நேர்ல பேச நா எழலைன்னா ராகிங் தடுப்பு ஹெல்ப்லைன் 1800-180-5522க்கு போன் பண்ணுங்க. எத்தனை மன்றத்துல சேர்ந்தாலும் இதுக்கு மருந்து இல்ல செம்பருத்தி.

திண்ணை: வைவாவில் பதில் தெரியாவிட்டால்? பிள்ளைகள் அங்கேதான் உறைந்துபோய் நிற்கிறார்கள்.

லீஸ்ட்கவுண்ட்: மௌனமாக நின்றால் தெரியாது என்றுதான் மார்க் போடுவார்கள். "சார், இந்தச் சோதனையில் இதுவரை தெரியும்" என்று சூத்திரத்தை எழுதிக் காட்டலாம், அல்லது கருவியைத் தொட்டுக் காட்டலாம். ஆங்கிலம் திக்கினால் "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்று கேட்கலாம். பெரும்பாலும் சரி என்பார்கள்.

செம்பருத்தி: அந்த "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்ற ஒரு வரியைத் தேர்வறையில்தான் முதன்முதலாகச் சொல்லப் போகிறார்களா? அதற்கு முன்னால் பதிவு மேசையில் நின்று பத்துப் பேரிடம் பெயரும் ஊரும் கேட்டிருந்தால் நாக்கு ஒட்டாது. இதில் உங்களோடு நான் சேரப்போவதில்லை.