ஸ்லாஷர் குறும்படம்: சிரிப்பு வருது, பயம் வரலை. எங்க சரி பண்ணணும்?

வேளச்சேரி_ஃப்ரேம்:
15 நிமிஷ ஸ்லாஷர் குறும்படம், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருத்தராக் கொன்னுட்டே வர்ற வகை. வேளச்சேரியில ஒரு அபார்ட்மென்ட், ஒரே ராத்திரி, நாலு பேர், முகமூடி போட்ட கொலைகாரன். நாலு பேருமே ஹாரர் படத்துல ஊறினவங்க. "தனியா மொட்டை மாடிக்குப் போனா செத்தோம்"னு அவங்களே பேசிக்குவாங்க. 1996ல வந்த 'ஸ்க்ரீம்' மாதிரி சிரிப்பும் பயமும் சேர்ந்து வரணும். ஸ்கிரிப்ட்ல சிரிப்பு மட்டும்தான் நிக்குது. ரத்தம், கத்தி, கொலைகாரன் போன்ல மிரட்டுற குரல், இதுக்கும் வழி சொல்லுங்க. பட்ஜெட் ரொம்பக் கம்மி.

கோடம்பாக்கம்_கட்:
உங்க ஆளுங்க ஹாரர் பட விதியைச் சொல்றாங்க, ஆனா அதனால யாருக்கும் எதுவும் ஆகலை. விதி தெரிஞ்சதாலயே ஒருத்தன் மாட்டணும்.

'ஸ்க்ரீம்'ல அந்த டிவி சேனல் வேன் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. வீட்டுக்குள்ள ராண்டிங்கிற ஹாரர் படப் பைத்தியம் சோபாவுல உக்காந்து 1978ல வந்த 'ஹாலோவீன்' பார்க்கிறான். திரையில இருக்கிற பொண்ணைப் பார்த்து "பின்னாடி திரும்பு"ன்னு கத்துறான். அவனுக்குப் பின்னாடியே கொலைகாரன். அதை வேன்ல இருக்கிறவங்க ஒளிச்சு வச்ச கேமரா வழியாப் பார்த்துப் பதறுறாங்க. ஆனா அந்த கேமராக் காட்சி வேனுக்கு 30 செகண்ட் தாமதமா வருது. கேமராமேனுக்கு அது ஞாபகம் வர்றப்போ கொலைகாரன் வேன்கிட்டயே வந்துட்டான். நாம சிரிச்ச அதே விஷயம் கழுத்தைப் பிடிக்குது. இயக்குநர் வெஸ் க்ரேவனும் எழுத்தாளர் கெவின் வில்லியம்சனும் ஸ்லாஷர் படத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது இப்படித்தான், வசனத்தால மட்டும் இல்ல.

உங்க அபார்ட்மென்ட்லயே இதுக்கு வழி இருக்கு. வாசல் கேமராவை போன் ஆப்ல பார்ப்பாங்க இல்லையா? முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள சாப்பாடு கொண்டு வர்றவர் பெல் அடிக்கட்டும். கதவைத் திறந்து வாங்கினப்புறம்தான் ஆப்ல அவர் படியேறணும். அங்க சிரிப்பு. பதினோராவது நிமிஷத்துல கொலைகாரன் கீழ் மாடிப் படியில நிக்கிறதை ஆப்ல பார்த்துட்டு, இன்னும் நேரம் இருக்குன்னு நம்பி உங்க நாலு பேர்ல ஒருத்தர் கதவைத் திறக்கட்டும். தாமதத்தைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினா அங்கயே செத்துரும்.

இன்னொண்ணு, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் எல்லாம் பேய்ப் பட விதி. இங்க கொண்டு வராதீங்க. ஸ்லாஷர்ல வர்றவன் மனுஷன். 'ஸ்க்ரீம்' கொலைகாரன் உதை வாங்குவான், தடுக்கி விழுவான். அதனாலதான் "யார் அது?"ங்கிற கேள்வி கடைசி வரைக்கும் நிக்குது. நம்ம ரசிகருக்கு 'சிகப்பு ரோஜாக்கள்', 'நூறாவது நாள்' பரிச்சயம். உங்க பாத்திரங்கள் அந்த மாதிரிப் படங்களை வச்சுப் பேசட்டும்.

சாயம்_பாலா:
ரத்தம்: பேக்கரி சாமான் கடையில லிக்விட் குளுக்கோஸ் அரை கிலோ, வெதுவெதுப்பான தண்ணி 100 மில்லி, சிவப்பு ஃபுட் கலர் 2 டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் கோகோ பவுடரைத் தனியா கொஞ்சம் தண்ணில குழைச்சு ஊத்துங்க, நேராப் போட்டா கட்டி தட்டும். கடைசியா நீல ஃபுட் கலர், பல்குச்சி நுனியில தொட்டு. நீலமும் கோகோவும் இல்லைன்னா எல்இடி வெளிச்சத்துல ரோஸ் மில்க் மாதிரி தெரியும்.

சென்னைப் புழுக்கத்துல இது காயாது, பிசுபிசுன்னே இருக்கும். எறும்பும் வரும். டேக் முடிஞ்ச உடனே வெந்நீர்ல துடைங்க. வாடகை வீட்டு வெள்ளைச் சுவர்ல பட்டா பெயின்ட்தான் அடிக்கணும், அதனால சுவர்மேல ஒரு ஷீட் ஒட்டி அதுல தெளிங்க. குத்து வாங்குறவருக்கு ஒரே மாதிரி சட்டை மூணு.

மைக்_மந்தவெளி:
கத்தி ரெண்டு வேணும். குளோசப்புக்கு முனை மழுங்கின உலோகம். ஓடுறது, மல்லுக்கட்டுறது எல்லாத்துக்கும் வெள்ளி பெயின்ட் அடிச்ச ஃபோம். உள்ள மடங்குற கத்தி சில நேரம் சிக்கிக்கும், அதை உடம்புல அழுத்தவே கூடாது. முகமூடியில ஓரப் பார்வை போயிடும், படிக்கட்டுல ஓடுற ஷாட் வேண்டாம்.

போன் குரலுக்கு 'ஸ்க்ரீம்' செய்ததையே செய்யுங்க. கொலைகாரனுக்குக் குரல் கொடுத்த ரோஜர் ஜாக்சன் நடிகர்கள் கண்ணுல படாம இருந்து நிஜமாவே போன்ல பேசினார். உங்க ஆளைக் கார்ல உக்கார வச்சுப் பேச விடுங்க, பதில் சொல்ற முகமே மாறிடும். அவர் குரலைத் தனி ரெக்கார்டர்ல பதிவு பண்ணி, எடிட்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் 3400க்கு மேலயும் வெட்டுங்க, போன்ல கேக்கிற மாதிரியே இருக்கும். டேக்ல ஃபேன், ஏசி ஆஃப்.

அலறலைப் பகல்ல தனியா டப் பண்ணிக்கோங்க. ராத்திரி பதினோரு மணிக்கு அலறினா பக்கத்து ஃபிளாட்ல 100க்கு போன் போட்டுடுவாங்க. அசோசியேஷனுக்கும் லோக்கல் ஸ்டேஷனுக்கும் முன்னாடியே எழுதிக் கொடுங்க. முகமூடியும் கத்தியுமா யாரும் தெருவுல இறங்க வேண்டாம்.

வேளச்சேரி_ஃப்ரேம்:
ரொம்ப நன்றிங்க. ஆப் தாமதம் எத்தனை செகண்ட் வைக்கலாம்?

கோடம்பாக்கம்_கட்:
எட்டு, பத்து. மூணு நாலு செகண்ட்னா கண்ணுல படாது. லைவ் ஆப்பை நம்பாதீங்க, முன்னாடியே எடுத்த வீடியோவை போன்ல ஓட விடுங்க. 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50, டியூப் லைட் மினுக்காது. போன் பிரைட்னஸைக் குறைச்சா திரையில கோடு விழலாம், டெஸ்ட் ஷாட் எடுத்துப் பாருங்க.