நாக்கைத் துருத்தியதால்தான் விஜயகாந்த் தோற்றாரா?

விருத்தாசலத்தான்:
நேற்று வேறொரு இழையில் தேர்தல் கணக்கன் போகிற போக்கில் எழுதியது இது: "2012-ல் சட்டசபையில் நாக்கைத் துருத்திய அன்றே விஜயகாந்தின் அரசியல் முடிந்தது. கோபக்காரரைத் தமிழன் ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவான், கோட்டைக்கு அனுப்பமாட்டான்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் நாக்கைத் துருத்தவில்லை. மடித்துக் கடித்தார். துருத்துவது எதிராளிக்குப் பழிப்புக் காட்டுவது. மடித்துக் கடிப்பது, வந்த கோபத்தை வாய்க்குள்ளேயே நிறுத்துவது. எங்கள் ஊரில் மகன் தப்பு செய்தால் எந்த அப்பாவும் இப்படித்தான் நாக்கைக் கடித்துக் கையை ஓங்குவார். அடிக்கமாட்டார். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதக்கூடாது.

அடுத்தது, கோபக்காரர் என்று தெரியாமலா நாங்கள் ஓட்டுப் போட்டோம்? 2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிக கட்சியை ஆரம்பித்தார். எட்டே மாதத்தில், பாமக கோட்டை என்று எல்லாரும் சொன்ன விருத்தாசலத்தில், கூட்டணி இல்லாமல் நின்று ஜெயித்தார். மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல். 2009 மக்களவைத் தேர்தலில் மறுபடியும் தனியாக, 10 சதவீதம். 2011-ல் 29 எம்.எல்.ஏ.க்கள். திமுகவுக்கு அன்று 23. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அதே கோபக்கார மனிதர்தான்.

தேர்தல் கணக்கன்:
அண்ணே, தூக்கம் கெட்டதற்கு மன்னிக்கவும். ஆனால் எழுதியதை மாற்ற மாட்டேன்.

2012-க்கு முன்னால் உள்ளதை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. மீதியை நான் சொல்கிறேன். 2014-ல் பாஜக கூட்டணியில் 14 தொகுதி, ஒன்றுகூட இல்லை, 5 சதவீதம். 2016-ல் 104 தொகுதி, ஒன்றுகூட இல்லை, 2.4 சதவீதம். உளுந்தூர்பேட்டையில் முதல்வர் வேட்பாளரே மூன்றாமிடம், டெபாசிட்டும் போச்சு. 2021-ல் அரை சதவீதம்கூடத் தேறவில்லை. நடுவில் நடந்தது என்ன? அந்த நாக்கு.

கடித்தாரோ துருத்தினாரோ, டிவியில் பார்த்தவர்களுக்குத் துருத்தியதாகத்தான் தெரிந்தது. முடிந்தால் சங்கரன்கோவிலில் தனியாக நின்று காட்டு என்று ஜெயலலிதா சவால் விட்டார். 2012 மார்ச் இடைத்தேர்தலில் நின்றார்கள். டெபாசிட் இல்லை. சட்டசபைச் சம்பவம் நடந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

விருத்தாசலத்தான்:
சங்கரன்கோவிலில் அதிமுகவைத் தவிர எல்லாரும் டெபாசிட் இழந்தார்கள். திமுகவும் இழந்தது. திமுகவில் யார் நாக்கைத் துருத்தினார்கள்? ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் எப்படி ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரியும், கணக்கனுக்கு மட்டும் தெரியாது.

அன்று சட்டசபையில் என்ன பேசினார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. பஸ் கட்டணம் ஏறியது, பால் விலை ஏறியது. அதைக் கேட்டதற்குத்தான் கூச்சல். அப்போது சபையில் நேரலை கிடையாது. நாம் பார்த்தது சேனல்களுக்கு வந்த ஒரு துண்டு. எதிர்ப்பக்கம் யார் என்ன சொன்னார்கள், யார் கை நீட்டினார்கள் என்பது அந்தத் துண்டில் இல்லை. 10 நாள் சபைக்கு வரக்கூடாது என்று நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் துண்டுக் காட்சி மட்டும் வருடக்கணக்காக ஓடியது.

அந்தத் துண்டிலும் கடித்ததுதான் இருக்கிறது, துருத்தியது இல்லை.

தொப்பூர் கணவாய்:
நான் தருமபுரி மாவட்டம். 2011 மார்ச் மாதம் எங்கள் ஊர்ப் பிரசாரத்தில் வேனில் நின்றுகொண்டே தன் வேட்பாளரையே அடித்துவிட்டார் என்று எல்லா சேனலிலும் காட்சி ஓடியது. ஒரு வாரம் டீக்கடையில் இதே பேச்சுதான். அப்புறம் என்ன ஆனது? அதே வேட்பாளர் தருமபுரியில் ஜெயித்தார்.

கோபம் ஓட்டைக் குறைக்கும் என்றால் முதலில் எங்கள் ஊரில் குறைந்திருக்க வேண்டும்.

தேர்தல் கணக்கன்:
அது கூட்டணியில் இருந்த அதிமுகவின் ஓட்டு. அந்த வேனில் யார் நின்று யாரை அடித்திருந்தாலும் இரட்டை இலைக்காரர்கள் தேமுதிகவின் முரசுக்குக் குத்தியிருப்பார்கள். 2011-ல் கிடைத்ததே 7.88 சதவீதம்தான். 2009-ல் 10. அதாவது அந்த அடி விழுந்த தேர்தலிலேயே சரிவு ஆரம்பம்.

விருத்தாசலத்தான்:
பெயரில் மட்டும் கணக்கு இருந்தால் போதுமா தம்பி? 2009-ல் நாற்பது தொகுதியிலும் நின்றார். 2011-ல் 234-ல் 41 தொகுதியில் மட்டும் நின்றார். ஆறில் ஒரு பங்கு இடத்தில் நின்று மாநில அளவில் 7.88 என்றால், நின்ற இடத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். இதைச் சரிவு என்று எழுதுகிறவரோடு என்ன பேசுவது?

தேர்தல் கணக்கன்:
நின்ற இடத்து நாற்பதில் உங்கள் ஓட்டு எத்தனை, இரவல் ஓட்டு எத்தனை? அதைச் சொல்லுங்கள் முதலில். 7.88 என்பது 10-ஐவிடக் குறைவு. இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

மேசை நிருபர்:
நாக்கு நாக்கு என்று எத்தனை நேரம் பேசுவீர்கள்? என் வருத்தம் வேறு.

2015 டிசம்பர் 27, சென்னையில் ரத்ததான முகாம். அடுத்த தேர்தலில் அதிமுக ஆட்சிக்கு வருமா என்று கேட்ட நிருபர்களைப் பார்த்து "தூ" என்று துப்பினார். நானும் இந்தத் தொழிலில் இருபது வருடம் ஓட்டியவன். எங்களில் பலர் அவர் நடிகர் சங்கத் தலைவராக இருந்த காலத்திலிருந்தே அவரை மதித்தவர்கள். வெயிலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு மாதச் சம்பளம் என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் துப்பினார். அதே வருடம் ஏப்ரலில் டெல்லியிலும் நிருபரிடம் பாய்ந்தார். 2012-ல் கடித்தாரா துருத்தினாரா என்பதை விடுங்கள், 2015-ல் துப்பியதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

விருத்தாசலத்தான்:
நியாயப்படுத்தவில்லை ஐயா. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜெயலலிதா அந்த ஐந்து வருடத்தில் உங்களை எத்தனை முறை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவிட்டார்? கதவைத் திறக்காதவரிடம் கோபம் இல்லை. கதவைத் திறந்து வைத்து, தெருவில் நின்று பதில் சொன்னவரிடம் மட்டும் இத்தனை கோபம். பயப்படுகிறீர்களா என்று அவர் உங்களைப் பார்த்துக் கேட்டது யாரைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும்.

மேசை நிருபர்:
கதவைத் திறந்து வைத்துத் துப்புவதற்குக் கதவை மூடியே வைத்திருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பின்னும் தொண்டர் மனசு மாறாது என்று தெரிகிறது.

விருத்தாசலத்தான்:
தொண்டன்தான். பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொண்டன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்கள் ஆட்கள் அந்தத் துண்டுக் காட்சியை எத்தனை முறை ஓட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள், அப்புறம் சம்பளக் கதை பேசலாம்.

கெடிலக்கரை:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் எல்லாம் நாக்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஜெயலலிதாவின் கோபம் சின்னக் கோபமா? 2003-ல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை லட்சத்துக்கு மேல் ஒரே அடியாக நீக்கினார். 2004-ல் நாற்பதும் போனது, 2006-ல் ஆட்சியும் போனது. ஆனால் 2011-ல் திரும்ப வந்தார், 2016-லும் வந்தார். கோபம் ஆளை முடித்துவிடும் என்றால் அவர் எப்படித் திரும்பி வந்தார்? பெண் கோபப்பட்டால் திமிர், ஆண் கோபப்பட்டால் வெகுளி என்று அண்ணன் விருத்தாசலத்தான் சொல்வதையும் நான் ஏற்கவில்லை.

எனக்குத் தெரிந்து விஜயகாந்தைக் கெடுத்தது கோபம் இல்லை, தள்ளிப்போட்டது. 2016 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாநாட்டில் கிங்கா, கிங் மேக்கரா என்று கூட்டத்தைக் கேட்டார். ஒருபக்கம் அவர் திமுக கூட்டணிக்கு வருவார், பழம் நழுவிப் பாலில் விழும் என்று கலைஞர் காத்திருந்தார். மார்ச் 10-ம் தேதி மகளிரணிக் கூட்டத்தில் தனித்துப் போட்டி என்றார்கள். இரண்டு வாரத்தில் மதிமுக, விசிக, இடதுசாரிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியோடு கைகோத்தார்கள். கொள்கைபரப்புச் செயலாளர் சந்திரகுமாரே பிரிந்து திமுக பக்கம் போனார். அந்த மார்ச் மாதம் கட்சிக்காரர் வீடுகளில் பெண்கள் என்ன பேசினோம் என்று யாராவது கேட்டீர்களா? "இவர் எந்தப் பக்கம்னே தெரியலையே" என்றுதான் பேசினோம்.

தேர்தல் கணக்கன்:
அக்கா, 2014-லேயே 5 சதவீதம் ஆகிவிட்டது. 2016 மார்ச் மாதம் அதற்கு எப்படிக் காரணம் ஆகும்? பத்திலிருந்து ஐந்து. நடுவில் நாக்கு. திரும்பத் திரும்ப அங்கேதான் வரவேண்டியிருக்கிறது.

விருத்தாசலத்தான்:
2014-ல் நின்றது 14 தொகுதி. மறுபடியும் அதே தப்பு! நாற்பதில் நின்றதையும் பதினான்கில் நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இவருக்குத் தேர்தல் கணக்கன் என்று பெயர் வைத்தது யார்?

அக்கா, நான் திமிர் என்று எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.

தொப்பூர் கணவாய்:
வடிவேலுவை மறந்துவிட்டீர்கள். 2011-ல் திமுக மேடையில் ஏறி ஊர் ஊராகப் போய் விஜயகாந்தைத் திட்டினாரே. கூட்டம் கைதட்டியது, சிரித்தது, ஓட்டுப் போடவில்லை. திட்டியவருக்குத்தான் அப்புறம் பட வாய்ப்பு குறைந்தது.

மேசை நிருபர்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தொப்பூர் கணவாய்:
குணத்தைக் கேலி செய்தால் ஓட்டு குறையாது என்பதுதான் சம்பந்தம். நிருபர் ஐயாவுக்குத் தன்மேல் பட்ட எச்சில் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

மேசை நிருபர்:
இப்படிப் பேசுகிற ஆட்களுக்கு இந்த இழையில் இனி பதில் சொல்ல மாட்டேன்.

விருத்தாசலத்தான்:
ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கோபம் என்பது தனியாக ஒட்டவைத்த குணம் இல்லை. நடிகர் சங்கம் கடனில் கிடந்தபோது 2002-ல் மலேசியா, சிங்கப்பூர் என்று எல்லா நடிகர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கலைநிகழ்ச்சி நடத்திக் கடனை அடைத்தார். பெரிய நடிகர்களைக் கட்டிக் கூட்டிப்போவது கெஞ்சுகிற ஆளால் ஆகாது, அதட்டத் தெரிந்த ஆளால்தான் ஆகும். படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுதான் லைட் தூக்குகிறவருக்கும் என்று சண்டை போட்டவரும் அவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டதே அந்த அதட்டலுக்குத்தான். அதிகாரியைப் பார்த்துக் குரலை உயர்த்த நமக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தார்கள். அதே அதட்டல் நிருபர் பக்கம் திரும்பியபோது பிடிக்கவில்லை என்றால், அது அவர் மாறியதாலா, பார்க்கிறவர் மாறியதாலா?

2016-ல் நான் உளுந்தூர்பேட்டைக்குப் போய் இருபது நாள் தெருத்தெருவாக நடந்தேன். சாப்பாட்டுக் காசுகூடச் சொந்தக் கைக்காசு. பொறுப்பாளர் ஒருவர் தருவதாகச் சொன்ன பெட்ரோல் காசு இன்றுவரை வரவில்லை, போகட்டும். ஒரு கிராமத்தில் வயதான அம்மா, வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தவர், என்னிடம் சொன்னார்: "நல்ல மனுஷன்ப்பா. ஆனா இப்பல்லாம் பேசறது புரியவே மாட்டேங்குது." கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டசபையைச் சொல்லவில்லை. உடம்பு விட்டுக்கொடுத்துவிட்டது, குரல் குழறியது. அதை எல்லாரும் குடி என்றார்கள், கோபம் என்றார்கள். அன்று அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கெடிலக்கரை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அண்ணே. இத்தனை நாள் நாக்கை மடித்தாரா நீட்டினாரா என்று நேரத்தை வீணடித்துவிட்டீர்கள்.

தேர்தல் கணக்கன்:
உடல்நிலை சரியில்லாதது வருத்தம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள், பார்க்கிறவர் மாறிவிட்டார் என்று. எப்போது மாறினார்? 2012 பிப்ரவரி 1.

விருத்தாசலத்தான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வியாகக் கேட்டதைப் பதிலாக மாற்றாதீர்கள்.

சரி, 2023 டிசம்பர் 29 அன்று அவர் உடல் வைத்திருந்த தீவுத்திடலில் நின்றவர்கள் யார்? தீவுத்திடலிலிருந்து கோயம்பேடு வரை வழியெல்லாம் தலை. அன்று அழுதவர்கள் அந்தத் துண்டுக் காட்சியைப் பார்க்காதவர்களா?

தேர்தல் கணக்கன்:
இழவு வீட்டுக் கூட்டம் ஓட்டு ஆகாது. ஆகியிருந்தால் ஆறு மாதத்தில் வந்த மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் அவர் மகன் ஜெயித்திருப்பார்.

தொப்பூர் கணவாய்:
விருதுநகரில் தோற்றது நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டில். அதையும் சொல்லுங்கள். அதிமுக, தேமுதிக சேர்ந்து நின்ற இடத்தில் அந்த நெருக்கம் வேறு எங்கே வந்தது?

தேர்தல் கணக்கன்:
மறுபடியும் இரவல் ஓட்டு. இதற்குத்தான் 2011-ஐப் பற்றி அத்தனை முறை சொன்னேன். 7.88.

கெடிலக்கரை:
தம்பி, இழவு வீடு என்று எழுதியதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தேர்தல் கணக்கன்:
எதையும் எடுக்கமாட்டேன். தப்பாக எழுதவில்லை.

விருத்தாசலத்தான்:
எடுக்கவேண்டாம். அப்படியே இருக்கட்டும், நாலு பேர் படிக்கட்டும். நான் அந்தக் காட்சியை இன்று மதியம் மறுபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதட்டுக்கு வெளியே வந்த நாக்கு மடிந்து, பல்லுக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களும் பாருங்கள்.