ஜெர்மனிக்குப் போகும் பார்சலுக்கு வீட்டு வாசலில் வரி கேட்கிறார்கள்

கரூர்_தறி:
சொந்த வெப்சைட்டில் துண்டு, போர்வை விற்கிறோம். ஜெர்மனிக்குப் போன பார்சல்கள் திரும்பி வருகின்றன. டெலிவரிக்கு வருகிறவர் வரியும் அதற்குமேல் கையாளும் கட்டணமும் கேட்கிறாராம், "எல்லாம் சேர்த்துத்தானே கட்டினேன்" என்று வாங்கியவர்கள் நம்மிடம் சண்டைக்கு வருகிறார்கள். நாங்கள் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம்) கொடுத்து ஜிஎஸ்டி இல்லாமல்தான் அனுப்புகிறோம். அப்புறம் என்ன வரி இது? முன்பெல்லாம் சின்னப் பார்சல் சும்மா போய்விடுமே?

கொலோன்வாசி:
அது 2021 ஜூலை 1-ஓடு போயிற்று. அதற்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையுள்ள பார்சலுக்கு வாட் (நம் ஜிஎஸ்டி மாதிரி அங்குள்ள விற்பனை வரி) விலக்கு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஜிஎஸ்டி உங்கள் ஊர்க் கணக்கு, வாட் வாங்குபவர் நாட்டுக் கணக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. 150 யூரோவுக்குள் இருக்கும் பார்சல் என்றால் ஐஓஎஸ்எஸ் (ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் வாட்டை ஒரே இடத்தில் கட்டும் ஏற்பாடு) பதிவு எடுத்து, வாட்டை வெப்சைட்டிலேயே வசூலித்து மாதாமாதம் கட்டிவிடலாம், வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். போர்வை 60 யூரோ, தபால் செலவு 15 என்றால் 75-க்கும் சேர்த்து ஜெர்மனி வாட் 19 சதவீதம், அதாவது 14.25 யூரோ. அதே பார்சல் ஹங்கேரிக்குப் போனால் 27 சதவீதம். அதனால் முகவரியை வாங்கிய பிறகு மொத்தத் தொகையைக் காட்டுங்கள்.

பில்_பார்ப்பவர்:
சொல்வது சரி, ஆனால் இந்தியாவிலிருந்து நேரடியாகப் பதிய முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் ஒரு இடைநிலையாளர் வழியாகத்தான் பதிய வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் அவர் தலையில் விழும், அதனால் சும்மா செய்து தர மாட்டார். மாதம் நாலைந்து பார்சலுக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. பெரிய மார்க்கெட்பிளேஸ் வழியாக விற்றால் 150 யூரோ வரை வாட்டை அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

ஆனால் ஒன்று, அந்த மார்க்கெட்பிளேஸ் தருகிற, ஐஎம் என்று தொடங்கும் அவர்களுடைய ஐஓஎஸ்எஸ் எண்ணை உங்கள் வெப்சைட் ஆர்டருக்கும் போட்டு அனுப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அது மோசடி. விற்ற பொருளுக்குக் "கிஃப்ட்" என்று எழுதுவதும் அப்படித்தான். உங்களுக்கென்று எண் கிடைத்தாலும் பெட்டிமேல் எழுதினால் போதாது, கூரியர்காரர் சுங்கத்துக்கு அனுப்பும் கம்ப்யூட்டர் விவரத்தில் ஏறியிருக்க வேண்டும்.

கரூர்_தறி:
லண்டன் ஆர்டரும் வருகிறது, அதற்கும் இதேதானா?

பில்_பார்ப்பவர்:
இல்லை, பிரிட்டன் தனி. 135 பவுண்டு வரை உள்ள பார்சலுக்கு அந்த நாட்டு வரித்துறையில் நீங்களே பதிந்து 20 சதவீதம் வசூலிக்க வேண்டும், முதல் விற்பனையிலிருந்தே. இடைநிலையாளர் கட்டாயமில்லை.